திரும்பி வராத கரண்ட்

நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை, காலை பத்து நாற்பது. செம்புப் பட்டையில் தொங்கிக்கொண்டிருந்த கட்டுகள் பதினேழு. கட்டு ஒன்றுக்கு ஐம்பது எலக்ட்ரிக் மேட்ச். நம் மிஷின் அப்போது முழு பவரில் ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். செத்துப்போனவனுக்குக் கடிதம் எழுதுகிற ஆள் நான் இல்லை, அது உனக்கே தெரியும். ஆனால் மேலே எழுதியதைப் படித்த மாத்திரத்தில் மிஷினை நிறுத்த ஓடக்கூடியவன் இந்தச் சுற்றுவட்டாரத்தில் நீ ஒருவன்தான். மற்றவர்களுக்கு நான் காலையிலிருந்து விளக்கிக்கொண்டே இருக்கிறேன். தொண்டை கட்டிவிட்டது.

இப்போது மணி இரண்டு ஆகப் போகிறது. மிஷின் நிற்கிறது. அதன் பியூஸ் என் சட்டைப் பையில் இருக்கிறது. நாலு வரி எழுதுவதற்கு ஒரு தடவை பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். விரல்களில் செம்பு வாடை. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. நீ எப்போதும் இப்படித்தான் வாடை அடிப்பாய். உன் பாக்கெட்டில் கை விட்டால் சில்லறை வராது, செம்புக் கம்பித் துண்டுதான் வரும். அந்த வாடை மூக்கில் ஏறியதும்தான் இந்தக் காகிதத்தை எடுத்தேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது.

முதலாளி இந்தப் பழைய பிளாஸ்மா அறையை வாங்கிவந்து இறக்கிய நாள் நினைவிருக்கிறதா? சிவகாசியில் யாரிடமும் இல்லாத மிஷின் என்று மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டினார். உள்ளே பிளாஸ்டிக் ரோல் ஓட வேண்டும். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, கொஞ்சம் ஆர்கானும் ஆக்ஸிஜனும் விட்டு, ரேடியோ அலை மாதிரித் துடிக்கிற மின்சாரம் கொடுத்தால் உள்ளே ஊதா வெளிச்சம், அதாவது பிளாஸ்மா, பற்றிக்கொள்ளும். அந்த வெளிச்சத்தில் நனைந்து வந்த பிளாஸ்டிக்கில்தான் மை ஒட்டும். இல்லாவிட்டால் நகத்தால் கீறினாலே சாமி படம் உரிந்து வந்துவிடும். காலண்டர் சீசனில் சாமி படம் உரிந்தால் கம்பெனி இருக்காது. ஒரே கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த நம் இரண்டு பேரையும் அதற்காகத்தான் வேலைக்கு எடுத்தார்கள்.

முதல் மாதமே உரிந்தது. ஒரு ரோல் நன்றாக வரும், அடுத்தது உரியும். முதலாளி வந்து கத்திவிட்டுப் போனதும் நீ சொன்னாய்: "எம்புட்டு கரண்ட் உள்ள போகுதுன்னே தெரியாம ஓட்டுறோம்லே. கண்ணைக் கட்டிக்கிட்டு வண்டி ஓட்டுற மாதிரி."

கரண்ட்டை அளக்க வேண்டுமென்றால் ஒயரை அறுத்து நடுவில் மீட்டரை வைக்க வேண்டும் என்பதுதான் நமக்குச் சொல்லிக்கொடுத்தது. இதில் அப்படி வைத்தால் மீட்டர் கருகிவிடும், கையும் சேர்ந்து வெந்துவிடும். நீ கெட்டுப்போன கம்ப்யூட்டர் ஒன்றின் பவர் சப்ளையைப் பிரித்து, உள்ளே இருந்த கறுப்பு வளையத்தை எடுத்து, அதன்மேல் மெல்லிய கம்பியைச் சுற்றினாய். கரண்ட் ஓடுகிற ஒயரை அந்த வளையத்துக்குள் நுழைத்துவிட்டால் போதும், தொடாமலே அளந்துவிடலாம்.

"மெட்டி மாதிரிலே. விரலை வெட்டியா மெட்டி போடுறாக?"

அன்றிலிருந்து அதற்குப் பெயர் மெட்டி. முதலாளி முன்னாலேயே "மெட்டி போட்டுப் பாத்துருவோமா" என்று கேட்பாய். அவர் யார் கல்யாணத்தைப் பற்றிப் பேசுகிறாய் என்று முழிப்பார்.

மெட்டி வேலை செய்தது. ஆனால் சொன்ன சொல்லில் நிற்கவில்லை. கேபிள் பக்கம் கையை நீட்டினால் ஆஸிலாஸ்கோப் திரையில் அலை பெரிதாகும், கையை எடுத்தால் சிறிதாகும். நான் நாற்காலியைத் தள்ளி உட்கார்ந்தாலே அளவு மாறியது. இரண்டு நாள் முட்டி மோதிவிட்டு நீ தீர்ப்பு சொன்னாய். "எர்த் பத்தலைலே."

உனக்கு எல்லா வியாதிக்கும் அதுதான் மருந்து. காரணம் எனக்குத் தெரியும். உன் அம்மா பட்டாசுக் கம்பெனியில் மருந்து ரூமில் வேலை பார்த்தவர்கள். அங்கே உள்ளே போகுமுன் வாசலில் பதித்திருக்கிற செம்புத் தகட்டைத் தொட வேண்டும். உடம்பிலிருக்கிற மின்சாரம் அதன் வழியாக மண்ணுக்குள் போய்விடும். உன் அம்மா அவசரத்தில் தொடாமல் உள்ளே போன ஒரே நாளில் மருந்து பற்றியது. உயிர் தப்பியது. வலது கை முழங்கை வரைக்கும் சுருங்கிப்போனது. அந்தக் கையால்தான் உனக்குச் சோறு ஊட்டினார்கள். நம் மிஷின் ரூமுக்குள் நுழையும்போது நீ கதவின் தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டு வருவாய். நான் சிரிப்பேன். நீ சிரிக்கமாட்டாய்.

பக்கத்து ஒயர் ஷெட்டில் நல்ல எர்த் குழி இருக்கிறது என்று கண்டுபிடித்தவன் நீ. கண்மாய் ஓரம் தோண்டிய குழி, கோடையிலும் ஈரம் காயாது. அங்கே உன் தங்கச்சி செல்வி வேலை பார்த்தாள். போர்மேன் மாடசாமி உன்னைச் சின்ன வயதிலிருந்தே பார்த்தவர். அதனால் ஒரு வார்த்தையில் சம்மதித்தார். நம் மிஷினிலிருந்து பின்சுவரில் துளை போட்டு, பதினைந்து மீட்டர் செம்புப் பட்டையை அவர்கள் ஷெட்டின் உள்சுவர் ஓரமாகவே இழுத்துக்கொண்டு போய் அந்தக் குழியில் சேர்த்தாய். முன்பு அங்கே பட்டாசு வேலை நடந்தபோது பதித்த வாசல் தகட்டையும் அதே பட்டையில் கோத்துக் கொடுத்தாய். "உங்களுக்கும் பாதுகாப்பு, எங்களுக்கும் பாதுகாப்பு" என்றாய். மாடசாமி உனக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்.

அதன் பிறகு மெட்டியின் அளவு ஆடவில்லை. கையை நீட்டினாலும் நின்றது, நாற்காலியை இழுத்தாலும் நின்றது. நீ என் முதுகில் ஓங்கி அறைந்தாய்.

எனக்கு ஒரு விஷயம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. மெட்டியை உள்ளே போகிற ஒயரில் போட்டால் ஒரு அளவு. அதே மெட்டியை, அறையின் சுவரிலிருந்து கரண்ட் திரும்பி வருகிற பாதையில் போட்டால் அதைவிடக் குறைவு. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போனது. பிளாஸ்மா பற்றாதபோதும் அந்த அறை ஒரு கெபாசிட்டர்தான், அப்போதும் கொஞ்சம் கரண்ட் ஓடும். அதைத் தனியாக அளந்து கழித்துப் பார்த்தேன். அப்படியும் கணக்கு உதைத்தது.

"பிளாஸ்மா திங்குதுலே," என்றாய்.

"கரண்ட்டை எதுவும் திங்காது. சூடாகும், வெளிச்சமாகும், அதெல்லாம் பவர். கரண்ட் போனது போனபடி திரும்பி வந்தாகணும். வரலைன்னா வேற வழியா வருதுன்னு அர்த்தம்."

"சரி, வேற வழி எது, நீயே சொல்லு வாத்தியாரே."

நான் சொல்வதற்குள் முதலாளி லோடு கேட்டார். படம் உரியவில்லை, ஆர்டர் ஓடியது, அத்தோடு பேச்சு நின்றது. செப்டம்பரில் ஒரு மாலை நீ சாத்தூரிலிருந்து பைக்கில் வந்தாய். நாலுவழிச் சாலையில் விளக்கில்லாமல் நின்ற லாரியை நீ பார்க்கவில்லை. அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. உன் வீட்டில் எல்லோரும் அழுதார்கள். நான் உன் அம்மாவின் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இன்று காலைக்கு வருகிறேன். பத்து மணிக்கு டீக்கடையில் செல்வியைப் பார்த்தேன். பார்சல் வாங்க வந்திருந்தாள்.

"அண்ணே, அண்ணன் போட்ட செம்பு சும்மா சொல்லக்கூடாது. முன்னாடியெல்லாம் தகட்டைத் தொட்டா ஒண்ணுமே தெரியாது. இப்ப தொட்ட ஒடனே சுள்ளுங்குது. ஒடம்புல இருக்கிறதை அப்படியே உறிஞ்சிருது."

"எப்பருந்து?"

"அதைப் போட்டதுலருந்துதான். எங்ககூட வேலை பாக்குற ராக்கம்மா பெரியம்மா, ஆத்தா வந்து எறங்குற மாதிரி இருக்குன்னு ஆடியே காட்டுச்சு." சிரித்தாள். சிரித்தால் உன் பல்வரிசை அவளுக்கு.

டீயைப் பாதியில் வைத்தேன். உடம்பில் சேர்கிற மின்சாரம் ஒரு தடவை சுள்ளென்று போகும், அதுவும் பனிக்காலத்தில், என்றைக்காவது. தொடுகிறபோதெல்லாம், எல்லோருக்கும் சுள்ளென்கிறது என்றால் அது அவர்கள் உடம்பிலிருந்து போகவில்லை. தகட்டிலிருந்து வருகிறது.

ஓடி வந்து, மெட்டியை நம் பின்சுவரில் பட்டை வெளியே போகிற இடத்தில் போட்டேன். ஸ்கோப்பில் அலை எழுந்து நின்றது. காணாமல் போன ஐந்தில் ஒரு பங்கு அங்கேதான் இருந்தது. இத்தனை மாதமும் பிளாஸ்மா எதையும் தின்னவில்லையடா. நீ போட்ட பட்டை வழியாகக் கரண்ட் பக்கத்து ஷெட்டுக்குள் போய்ச் சுற்றிவிட்டு, எப்படி எப்படியோ திரும்பி வந்துகொண்டிருந்தது.

வீட்டுக் கரண்ட்டாக இருந்தால் உன் பட்டை அருமையான எர்த். ஆனால் நம் மிஷினின் கரண்ட் வினாடிக்கு ஒரு கோடியே முப்பத்தைந்து லட்சம் தடவைக்கு மேல் முன்னும் பின்னும் போய் வருகிறது. அதற்குப் பதினைந்து மீட்டர் செம்பு மண்ணுக்குப் போகிற பாதை இல்லை, பக்கத்து ஒயர்களிலும் கரண்ட்டைக் கிளப்புகிற ஏரியல். மெட்டியின் அளவு ஆடாமல் நின்றதும் அது சரியாகிவிட்டது என்பதால் இல்லை. ஆடிக்கொண்டிருந்ததை நீ சுவருக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டாய்.

சரி, அந்தப் பக்கம் என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று ஸ்டூல் போட்டு ஏறி, சுவருக்கும் கூரைக்கும் நடுவிலிருந்த இடைவெளியில் எட்டிப் பார்த்தேன்.

நீ இருந்தவரை அங்கே வெறும் ஒயர் சுற்றுகிற வேலைதான். தீபாவளிக்குப் பிறகு மாறிவிட்டது. கோயில் கொடைத் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் சுவிட்சைத் தட்டி வெடிக்கிறார்களே, அந்த வாணவேடிக்கைக்கான எலக்ட்ரிக் மேட்ச் இப்போது அங்கேதான் கட்டுப்போடுகிறார்கள். இரண்டு ஒயர், நுனியில் ஒரு பொட்டு மருந்து. சின்னக் கரண்ட் பட்டாலே பற்ற வேண்டும், அதற்காகத்தான் அதைச் செய்கிறார்கள். பட்டாசு வேலை என்றால் லைசென்ஸ் கேட்பார்கள், கட்டடங்களுக்கு நடுவே இடைவெளி கேட்பார்கள். அதனால் இன்னும் அதற்கு ஒயர் வேலை என்றே பெயர்.

கட்டி முடித்த கட்டுகளை எங்கே தொங்கவிட்டிருந்தார்கள் தெரியுமா? உன் செம்புப் பட்டையில். பட்டையில் வரிசையாகக் கொக்கி அடித்து, ஒவ்வொரு கொக்கியிலும் ஒரு கட்டு. செம்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் தீ அண்டாது என்ற நினைப்பு. பதினேழு கட்டு. கீழே பாய் விரித்து ஆறு பெண்கள். மூன்றாவதாக உட்கார்ந்திருந்தது செல்வி.

ஸ்டூலிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. மிஷினை நிறுத்தினேன். பியூஸைப் பிடுங்கினேன். அது கையைச் சுட்டது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மாடசாமியிடம் போய் எல்லாக் கட்டையும் இறக்குங்கள் என்றேன்.

"எதுக்கு தம்பி? செம்புலதான தொங்குது?"

"அந்தச் செம்புதான் ஆபத்து."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "காலையிலயே ஒடம்புக்கு முடியலையா? செம்பையே சந்தேகப்படுறீக. ஒங்களுக்கு எர்த் பத்தலைன்னா சொல்லுங்க, இன்னொரு பட்டை இழுத்து ரெட்டையாப் போட்டுருவோம்."

"ஒண்ணே அதிகம். இறக்குங்க."

"எத்தனை நாளாத் தொங்குது, ஒண்ணும் ஆகலையே. இருக்கன்குடி ஆத்தா பாத்துக்கிடுவா. சரி, அம்புட்டு ஆபத்துன்னா மிஷினைப் போட்டுக் காட்டுங்க, பாப்போம்."

போட்டுக் காட்ட வேண்டுமாம். நான் சொல்வது உண்மை என்று நிரூபிக்க வேண்டுமானால் அவர்கள் தலைக்கு மேலே அதை மறுபடி ஓடவிட வேண்டும். ஓடவிடாவிட்டால் நம்பமாட்டார்கள். நம்பாவிட்டால் கட்டுகள் தொங்கும். முதலாளி எந்த நேரத்திலும் வேறு ஆளை வைத்து மிஷினைப் போடுவார். எனக்குக் கோபம் வந்தது, வழக்கம்போல. நாலு வார்த்தை கத்தினேன். பெண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். ஒருத்தி, "செத்துப்போன கூட்டாளி நெனப்புல இந்த அண்ணனுக்கு என்னமோ ஆயிருச்சு" என்றாள், என் காதுபடவே.

அப்போதுதான் தகடு நினைவுக்கு வந்தது.

"செல்வி, வாசல்ல போய்த் தகட்டைத் தொடு."

தொட்டாள். கையை எடுத்தாள். மறுபடி தொட்டாள். உள்ளங்கையை முழுசாக வைத்தாள்.

"சுள்ளுங்கலையே அண்ணே."

"மிஷின் நிக்கிது. அதான்."

ராக்கம்மா போய்த் தொட்டார். அவருக்கும் ஒன்றும் இல்லை. மாடசாமி நம்பாமல் இரண்டு கையாலும் தொட்டார். செல்விதான் மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப எங்க ஒடம்புலருந்து போகலையா? ஒங்க பக்கமிருந்து வந்துச்சா?"

"ஆமா."

"அப்ப அண்ணன் போட்டது தப்பா?"

பக்குவமாகப் பேசத் தெரிந்தவன் வேறு ஏதாவது சொல்லியிருப்பான். நான், "தப்பு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை உனக்கு எழுத முடியாது. "எங்கண்ணன் இல்லைங்கிற தைரியத்துல பேசுறீக," என்றாள். ஆனால் சொல்லிக்கொண்டே முதல் கொக்கியிடம் போய்விட்டாள். மற்ற பெண்களை வேலி ஓரம் போகச் சொன்னாள். நானும் அவளுமாக இறக்கினோம். ஒவ்வொரு கட்டையும் இரண்டு கையிலும் ஏந்தி, முற்றத்தைத் தாண்டி, பட்டை போகாத கடைசி அறைக்கு. மிஷின் நிற்கிறது, பியூஸ் என் பையில், இனி அதிலிருந்து எந்தக் கரண்ட்டும் வராது என்று படித்த மூளைக்குத் தெரிகிறது. ஆனாலும் ஒவ்வொரு கட்டை எடுக்குமுன்னும் பையைத் தொட்டுப் பார்த்தேன். நாலாவது கட்டுக்கு முன்னால் நான் மறுபடி பையைத் தொட்டதைப் பார்த்து, "நீங்க தள்ளி நில்லுங்க. பயந்த கையில இதைக் குடுக்கக்கூடாது," என்றாள். மீதி அத்தனையையும் அவளே கொண்டுபோனாள். வேர்வை துடைக்கக்கூட நிற்கவில்லை. முடிந்ததும் என்னிடம் ஒரு சொல் பேசாமல் போய்விட்டாள்.

இதோடு முடிந்தது என்று நினைத்தால் நீ ஏமாளி. பட்டையை வெட்டப் போனேன். மாடசாமி குறுக்கே நின்றார். "கட்டை எறக்கிட்டோம்ல. எர்த்துல மட்டும் கைய வைக்காதீக. அது போச்சுன்னா எங்களுக்கு எதுவுமே இல்லை." நாளைக்குக் காலையில் வேன் வந்து பெண்களை இறக்கிவிடும். கட்டுப்போட்டதும் எங்கே தொங்கவிடுவார்கள்? கொக்கி அப்படியே இருக்கிறது.

முதலாளியும் போன் செய்தார். சாயந்திரம் லோடு ஏற வேண்டும், நாலு மணிக்கு எலக்ட்ரீசியன் புதுப் பியூஸோடு வருவான், நான் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றார். "நீயும் அவனும் சேந்து போட்ட எர்த்துதானடா, இப்ப என்ன புதுசா?" என்றார்.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. நீ எதையும் அசட்டையாகச் செய்து தப்பாகியிருந்தால் இத்தனை கோபம் வராது. உன் அம்மாவின் கையை நினைத்து, யாருக்கும் இன்னொரு தடவை அப்படி ஆகக்கூடாது என்று கூடுதலாகச் செய்தாய். அதுதான் உன் தங்கச்சியின் தலைக்கு மேலே போய்த் தொங்கியது. நீ இருந்திருந்தால் இதைக் கேட்டதும் முகம் வெளிறி, என்னைத் திட்டி, கட்டரை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் ஓடியிருப்பாய். அதுவும் எனக்குத் தெரியும். உன்னிடமிருந்து எனக்கு மிச்சம் இருப்பது அந்த மெட்டியும், எங்கே ஒரு உலோகத்தைப் பார்த்தாலும் இது எங்கே போய் முடிகிறது என்று கேட்கிற பயமும்தான். பயம் முன்பு உன்னிடம் இருந்தது. இப்போது என்னிடம் வந்துவிட்டது.

மணி இரண்டரை. இனி நான் செய்யப்போவது:

1. பட்டையை நம் பக்கத்துச் சுவர் ஓரமாக, நம் எல்லைக்குள் வைத்து வெட்டுவேன். யாரிடமும் கேட்கமாட்டேன். அவர்கள் குழியும் வாசல் தகடும் அப்படியே இருக்கும். அது அவர்களுக்கு வேண்டும்.

2. சுவர்த் துளைக்குள் இருக்கிற துண்டையும் உருவி எடுத்துவிட்டு சிமெண்ட் வைத்துப் பூசுவேன். மறுபடி யாரும் சேர்த்துவிடாதபடி.

3. மிஷினுக்கும், பவரைச் சரிப்படுத்தி உள்ளே அனுப்புகிற அதன் மேட்சிங் பெட்டிக்கும் நடுவில் அகலமான செம்புத் தகட்டை ஒரு சாண் நீளத்துக்குள் முடித்துப் போல்ட் போடுவேன். கரண்ட் வீடு திரும்ப அந்தக் குறுக்கு வழி போதும்.

4. எலக்ட்ரீசியன் வந்தால் பேனலுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்காருவேன். முதலாளி வந்து சட்டையைப் பிடித்தாலும் எழுந்திருக்கமாட்டேன். வேலை போனால் போகட்டும்.

5. பக்கத்து ஷெட்டில் ஒரு ஆளும் ஒரு மேட்சும் இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகு, குறைந்த பவரில் ஒரு நிமிடம் ஓட்டுவேன். போகிற பாதையிலும் வருகிற பாதையிலும் மெட்டி போட்டு, இரண்டும் ஒன்றா என்று பார்ப்பேன். ஒன்றாக இல்லாவிட்டால் மறுபடி ஓட்டமாட்டேன்.

6. அந்த ஷெட்டில் ஒயர் வேலை என்ற பெயரில் என்ன நடக்கிறது என்று பட்டாசு லைசென்ஸ் கொடுக்கிற ஆபீஸில் போய், என் பெயரைப் போட்டு எழுதிக் கொடுப்பேன். ஷெட்டைப் பூட்டுவார்கள். செல்விக்கு வேலை போகும். சாகிறவரைக்கும் அவள் என்னோடு பேசமாட்டாள். பேசாமல் இருக்கட்டும். கிழவியாகிற வரைக்கும் உயிரோடு இருந்து பேசாமல் இருக்கட்டும்.